மஞ்சள் லேபிள்

"ஏங்க, தையல்காரம்மா வந்திருக்காங்க. அந்த ரெக்கார்டு விஷயமா உங்களைப் பார்க்கணுமாம்."

மனைவி சொன்னதும் ரெக்கார்டுக்காரர் துள்ளி எழுந்தார். சுழன்றுகொண்டிருந்த தட்டின் மேலிருந்து ஊசியை அவசரமாகத் தூக்கினார். பாடிக்கொண்டிருந்தது அதே ரெக்கார்டுதான்.

"நான் வீட்டுல இல்லேன்னு சொல்லிடு."

"இவ்வளவு நேரம் தெரு முழுக்கக் கேட்டுது உங்க பாட்டு. வீட்டுல இல்லாத மனுஷனா போட்டுக் கேட்டாரு?"

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஆபீஸிலும் தெருவிலும் ரெக்கார்டுக்காரர் என்றால்தான் தெரியும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ஸோல், டிஸ்கோ பாட்டுகளின் ஏழு அங்குல ரெக்கார்டுகள் மேல் அப்படி ஒரு பைத்தியம். அதுவும் முதல் அச்சாக இருக்க வேண்டும். பின்னால் மறுபடி அச்சடித்ததைச் சும்மா கொடுத்தாலும் தொட மாட்டார். "ரெண்டுலயும் அதே பொம்பளை அதே பாட்டைத்தானே பாடுறா?" என்று மனைவி ஒருமுறை கேட்டுவிட்டு, ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டாள்.

தையல்காரம்மாவின் கணவர் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது, பரணில் கிடந்த ரெக்கார்டு பெட்டியைக் காட்டுவதற்காக அந்தம்மா இவரைக் கூப்பிட்டனுப்பினாள். பெட்டியின் அடியில், மஞ்சள் லேபிளோடு, பல வருஷமாக இவர் தேடிக்கொண்டிருந்த ரெக்கார்டு! ஏதோ ஒரு சின்னக் கம்பெனி கொஞ்சமாக அச்சடித்து, அதுவும் விற்காமல் இழுத்து மூடிவிட்டுப் போன காலத்துச் சரக்கு. இவர் அதைச் சட்டென்று மற்ற ரெக்கார்டுகளோடு சேர்த்து அடுக்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"எல்லாம் பழசுக்கா. கீறல் விழுந்திருக்கு. இதுல பாருங்க, லேபிள் மேல பேனாக் கிறுக்கல் வேற. குப்பைக்குத்தான் போகும். உங்களுக்காக எடுத்துக்கறேன்."

அந்தம்மா நம்பினாள். இவர் கொடுத்த சில்லறையை வாங்கிக்கொண்டாள். போதாததற்கு, "என்ன தம்பி, சட்டையில பட்டன் இல்லாம சுத்தறீங்க?" என்று அவரை நிற்க வைத்தே ஒரு பட்டனைத் தைத்தும் விட்டாள். கூலி எவ்வளவு என்று இவர் கேட்டதற்குச் சிரித்தாள்.

இன்று அவர் போட்டிருந்தது அதே சட்டை. ஹாலுக்குப் போகுமுன் குனிந்து பார்த்தார். மற்ற பட்டன்கள் ஆடிக்கொண்டிருந்தன. அது மட்டும் கெட்டியாக இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

'யாரோ அதோட மதிப்பைச் சொல்லிட்டாங்க. சண்டைக்குத்தான் வந்திருக்கா' என்று நினைத்தபடி வெளியே வந்தார்.

"தம்பி, அந்தப் பெட்டியில மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே? நடுவுல பெரிய ஓட்டை போட்டது."

"அதுவா... அதை அப்பவே வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்கா."

அந்தம்மாவின் முகம் வாடிவிட்டது. "யாருக்கு தம்பி? விலாசம் சொன்னா நானே போய்க் கேட்டுப் பார்க்கறேன். எவ்வளவு தூரமானாலும் பரவாயில்ல."

தண்ணீர் கொண்டுவந்த மனைவி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அக்கா, பொய் சொல்லிட்டேன்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அது இங்கதான் இருக்கு. அன்னிக்குச் சொன்னதும் பொய். அது குப்பையே இல்ல. அது மாதிரி இன்னொண்ணு கெடைக்கறதே கஷ்டம். தெரிஞ்சேதான் உங்களை ஏமாத்தினேன். எடுத்துட்டுப் போயிடுங்க."

"அட, அதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" அந்தம்மா சிரித்தாள். "பாட்டு உங்களோடதாவே இருக்கட்டும். கையில ஒரு தடவை குடுங்க. பார்த்துட்டுத் தந்துடறேன். அவ்வளவுதான்."

அவருக்கு மூச்சு வந்தது. தப்பை ஒத்துக்கொள்வது இவ்வளவு சுலபமா! உள்ளே ஓடி, ரெக்கார்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பாருங்கக்கா, எப்படி வெச்சிருக்கேன்! ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து புதுசு மாதிரி ஆக்கிட்டேன்."

தையல்காரம்மா பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். லேபிளில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"எழுத்தைக் காணோமே தம்பி?"

"எந்த எழுத்துக்கா?"

"அவர் கப்பல்லேர்ந்து வந்தப்ப இது மேல எனக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தார். என்னன்னு கேட்டா, 'படிக்கக் கத்துக்கிட்டு நீயே தெரிஞ்சுக்கோ'ம்பார். வேற யார்கிட்டயும் காட்டிப் படிக்கச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார். அவரே போயிட்டார், இனிமே எங்க படிக்கப் போறோம்னு பெட்டியோட குடுத்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. சாயங்கால வகுப்புல சேர்ந்தேன். இப்பதான் தம்பி எழுத்துக் கூட்ட வருது."

ரெக்கார்டுக்காரர் கை தானாகச் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது.

"அன்னிக்கு ரப்பரை வெச்சு அவ்வளவு நேரம் தேய்ச்சீங்களே" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது. "என்ன எழுதியிருந்துதுன்னாவது அவங்களுக்குச் சொல்லுங்க."

இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் தலை குனிந்தார். கடைசிப் புள்ளி அழியும்வரை அது அவருக்கு வெறும் கறையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையைக்கூட அவர் படித்துப் பார்க்கவில்லை.