மடியில் வானொலி

புரொஜெக்டர் ஒளியில் சுவரில் விழுந்த அந்தப் பெண்ணின் மடியில் வானொலிப் பெட்டியை வைத்தது அவள்தான்.

இந்தக் கண்காட்சிக்காக மூன்று மாத வேலை. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ்கள் பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வாங்கி வந்து கணினியில் ஏற்றி, ஆள் ஆளாக வெட்டி ஒட்டினாள். நாற்பது பேர். எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். இந்தப் பெண் மட்டும் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

அதனால்தான் நடுவில் வந்தாள். பன்னிரண்டு அடி உயரத்துக்கு.

வாசலில் பலகை: ‘பெயர் இல்லாதவர்கள்’. அழைப்பிதழிலும் இந்த வானொலிதான். மரபின் குரலைக் கேட்கும் பெண் என்று ஒரு பத்திரிகை முந்திக்கொண்டு எழுதிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்குத் திறப்பு. இன்னும் இருபது நிமிடம்.

புரொஜெக்டர் மாட்ட வந்த சுடலைமணி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

“இது எங்கம்மா, மேடம். மடியில நான்லா இருப்பேன்.”

வீட்டில் மாட்டியிருந்த படமாம். அம்மாவுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். போன வெள்ளத்தில் சுவரோடு போய்விட்டது. பெயர் சொர்ணத்தாய் என்றார், அவள் கேட்காமலே.

அவளுக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டது போல் இருந்தது.

வெட்டியதை அவள் அழிப்பதில்லை. மறைத்துத்தான் வைப்பாள். கணினியில் தேடி எடுத்தாள்.

சுவரில் வானொலி போயிற்று. குழந்தை வந்தது.

அதற்கு முகம் இல்லை. படம் எடுத்த நொடியில் தலையை ஆட்டியிருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். அதற்காகத்தான் வெட்டியிருந்தாள்.

அந்தப் பெண் குனிந்திருந்தது சும்மா இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆடாதே என்று சொல்கிற வாய்.



காலையிலிருந்து அந்த ஒளிக்குக் குறுக்கே ஓர் ஆளை நடக்கவிடாத சுடலைமணி, தானே சுவரை நோக்கிப் போனார். தீற்றல் இருந்த இடத்தில் முதுகை வைத்துத் திரும்பி நின்றார். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. கண் கூசியிருக்கும். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார்.

வெளியே முதல் கார் வந்தது. பூங்கொத்தோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

அவள் போய், உள்ளிருந்து கதவைத் தாழிட்டாள்.