அசல் கனடாக்காரர்

"எங்க டொரன்டோவுல கிறிஸ்மஸ்னா பனி இடுப்பு வரைக்கும் கொட்டும், பிள்ளைங்களா!" என்று வயிற்றில் தலையணையும் முகத்தில் பஞ்சுத் தாடியுமாக முழங்கினார் மைக் சார். சீனாவின் ஹெஃபே நகரத்து ஆங்கிலப் பள்ளியின் குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்டன.

டொரன்டோவை அவர் வரைபடத்தில்தான் பார்த்திருந்தார். சொந்த ஊர் ரஷ்யாவின் ஓம்ஸ்க்; சொந்தப் பெயர் அர்க்காதி. "கனடாக்காரர்னாதான் பெத்தவங்க பிள்ளையச் சேர்ப்பாங்க" என்று மைக் எனப் பெயர் சூட்டியவர் பள்ளியின் முதலாளி மெங் மேடம்.

ரஷ்யர்களின் கிறிஸ்மஸான ஜனவரி ஏழாம் தேதிக்கு லீவு கேட்டபோது சீறியவரும் அவர்தான். "கனடாவுல ஏழாம் தேதி ஏது சார் கிறிஸ்மஸ்? என் பொழப்புல மண்ணப் போடாதீங்க!"

இன்று அந்தப் பிழைப்புக்கே ஆபத்து. பெற்றோர் சங்கத்து ஹுவாங் அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இவர்கிட்டப் படிச்சு எம் பொண்ணு 'ஆர்' எழுத்த மோட்டார் சைக்கிள் மாதிரி உறுமுறா. பதினாலு வருஷமா இந்த ஊர்ல பாடம் நடத்துற அசல் கனடாக்காரர் ஜார்ஜ் இருக்காரே, அவரக் கூட்டிட்டு வரேன். அவர் சொல்லட்டும்!"

அர்க்காதிக்குத் தாடிக்குள் வியர்த்தது. பிப்ரவரியில் மனைவியும் கைக்குழந்தையும் வர டிக்கெட் எடுத்தாயிற்று. வேலை போனால் அவர்கள் வருவதற்குள் இவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜார்ஜ் வந்துவிட்டார். "வாசல்லயே கை குலுக்குங்க, போட்டோ எடுக்கணும்" என்று மெங் மேடம் அவசரப்படுத்தினார். வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுத்தால் சண்டை மூளும் என்பது அர்க்காதியின் ஊர் நம்பிக்கை. நீட்டிய கை பாதியில் நின்றது. நல்லவேளையாக ஜார்ஜே படியைத் தாண்டி உள்ளே வந்து, அப்புறம்தான் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கிறிஸ்மஸுக்கு உங்க வீட்டுல என்ன சார் சமையல்?" என்று கேட்டார் ஜார்ஜ்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த வான்கோழி மறந்தே போயிற்று. "வா... வாத்து... பீட்ரூட்டு..." என்று உளறினார் அர்க்காதி. 'ஆர்' நன்றாகவே உறுமியது. மெங் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜார்ஜ் விழாவுக்கு வந்திருந்த பெற்றோர் பக்கம் திரும்பினார். "இதுதாங்க அசல் டொரன்டோ பேச்சு! காதுல தேன் பாயுது. இவர மட்டும் விட்டுடாதீங்க!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ஹுவாங் அம்மாள் தன் இரண்டாவது பிள்ளைக்கும் அங்கேயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்.

அர்க்காதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜார்ஜ் அவரை இறுக அணைத்து, பஞ்சுத் தாடியை லேசாக விலக்கி, காதோடு கிசுகிசுத்தார்.

"தம்பி, ஏழாம் தேதி நம்ம கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்துரு!"