பட்டினிக் கூண்டு

ஆராய்ச்சிக்காரி கூண்டின் மூடியைத் திறந்ததும் ரத்த வாடை முகத்தில் அறைகிறது. பட்டினி போட்டால் செல்கள் தங்களுக்குள் தேங்கிய கொழுப்பைத் தாங்களே தின்று கரைக்கும். அதைப் பார்க்கத்தான் இந்தக் கொழுத்த எலிகளுக்கு நேற்றிலிருந்து தீனி இல்லை. குழல்விளக்கின் வெளிச்சத்தில் மரத்தூள் சிவந்து ஊறிக் கிடக்கிறது. ஓர் எலியின் தலையும் வாலும் மட்டுமே மிச்சம். இன்னொன்று, மீசையெல்லாம் ரத்தமாக, விலா எலும்பை முன்னங்கால்களில் ஏந்தி நறுக்நறுக்கென்று கடிக்கிறது. "ரெண்டையும் ஏண்ணா ஒரே கூண்டுல விட்டீங்க?" "கூடப் பொறந்ததுங்க மேடம், பிரிச்சா ஏங்கிப் போயிடும்னு பாவம் பாத்தேன்," என்கிறார் எலிகளைப் பராமரிப்பவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டுவதற்கு வாயைத் திறக்கிறாள். உடம்பு இளைக்க வேண்டுமென்று அவளும் நேற்றிலிருந்து பட்டினி. எலும்பு நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே, அவள் வயிறு முந்திக்கொண்டு இரைகிறது.