அப்பள மேசை

என் மனைவி மங்கையர்க்கரசி கடைசியாக என்னிடம் கேட்டது, மைக்ரோவேவ் அடுப்புக்குள் சுற்றும் தட்டைக் கழற்றிவிட்டேனா என்றுதான். கழற்றிவிட்டேன் என்றேன். பாடம் நடத்தப் பள்ளிக்குப் போனவள் வகுப்பறையிலேயே சரிந்து இறந்துபோனாள்.

பதினேழாம் நாள் நகராட்சி மண்டபத்தில் அவள் ஏற்பாடு செய்திருந்த கண்காட்சி தொடங்கியது. ஒளியின் வேகத்தை மனிதர்கள் அளந்த கதை. மலைக்கு மலை விளக்கைக் காட்டி அளக்கப் பார்த்துத் தோற்றவர்களின் படத்தில் ஆரம்பித்து, அவளுடைய மேசையில் முடியும்.

"டீச்சர் இல்லாம சரியா வருமாண்ணே? இத எடுத்துரலாமே" என்றார், அவளோடு வேலை பார்த்த சகாயமேரி.

நான் தையல்காரன். அவள் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்தேன். அடுப்புக்குள் ஓடும் அலைக்கும் ஒளிக்கும் ஒரே வேகம். தட்டு சுற்றாத அடுப்பில் அப்பளம் அங்கங்கே மட்டும் பொரியும். அருகருகே பொரிந்த இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்து, அடுப்பின் பின்புறம் போட்டிருக்கும் அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகம். பிழையாக வந்தால், ஊர் முன்னால் அவளைப் பொய்யாக்கியது போலாகும். இருந்தும் ஓர் அப்பளத்தை அடுப்பில் வைத்தேன்.

"டெய்லரண்ணே, எண்ணெயில்லாம பொரிச்சா அதெல்லாம் ஒரு அப்பளமா?" என்று ஒரு பெண் கேட்க, கூட்டம் சிரித்தது.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அப்பளத்தின் மேல் வைத்தேன். முப்பது வருடமாகத் தோளையும் இடுப்பையும் அளந்த டேப். நான் சொன்ன எண்ணைச் சகாயமேரி பெருக்கினார், மறுபடியும் பெருக்கினார்.

"செகண்டுக்குக் கிட்டத்தட்ட மூணு லட்சம் கிலோமீட்டர்ண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. அன்று நாற்பது அப்பளம் வைத்தேன். எல்லாவற்றிலும் அதே ஆறு சென்டிமீட்டர்தான்.