பிறந்தநாள் சாக்லேட்

இதழினியின் இணையவழி வகுப்பில் முப்பது பிள்ளைகள். அவளைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் நிஜப் பிள்ளைகள் இல்லை; பள்ளியின் கணினி அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல் உருவாக்கிய திரைப் பிம்பங்கள். முந்திரிக்கொட்டை ஒருத்தி, சண்டைக்காரன் ஒருவன், உயிர்த்தோழி சஹானா. இது அம்மா கோமதிக்குத் தெரியும். பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்பது பள்ளியின் நிபந்தனை.

பிறந்தநாளுக்கு முன்பு இதழினி நன்றாக ஒட்டிய ஒரு டப்பாவை நீட்டினாள்.

"கிளாஸ்ல எல்லாருக்கும் சாக்லேட் வச்சிருக்கேன். அனுப்பிடும்மா. சஹானாவுக்கு மட்டும் ரெண்டு."

"அனுப்பிடறேன் கண்ணு."

கோமதி டப்பாவைப் பிரிக்காமல் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்தாள். சாக்லேட் எல்லாருக்கும் கிடைத்துவிட்டதாக, சஹானாவுக்கு இரண்டு என்று, வகுப்பில் பேச வைக்கும்படி பள்ளிக்குத் தகவலும் கொடுத்தாள்.

பிறந்தநாளன்று இதழினி புது கவுன் போட்டுக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தாள். வகுப்பே வாழ்த்துப் பாடியது.

"சாக்லேட் செம டேஸ்ட்டு இதழ்! ரெண்டையும் நானே தின்னுட்டேன்," என்றாள் சஹானா.

இதழினி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு, "தேங்க்ஸ்," என்றாள்.

வகுப்பு முடிந்ததும் சமையலறைக்கு வந்தாள்.

"சாக்லேட் எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சாம்மா."

"பார்த்தியா! நான்தான் சொன்னேன்ல?"

"டப்பால வெறும் பேப்பரைத்தான் உருட்டி வச்சேன்."

கோமதி அடுப்பை அணைத்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இதழினி கவுன் பையிலிருந்து இரண்டு சாக்லேட்டுகளை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

"நீயாவது நிஜமா சாப்பிடும்மா."