இரண்டாவது ஜாமீன்

விசைத்தறிக்காரர்களின் கூட்டுறவுக் கடன் சங்க மகாசபையில் மீனலோசினி நிற்கிறாள். கணவன் முத்துமணி இறந்தபின் நின்றுபோன தறியை ஓட்ட அவளுக்குக் கடன் வேண்டும். உறுப்பினர் இருவர் எழுந்து ஜாமீன் சொல்ல வேண்டும். தோழி பேச்சித்தாய் உடனே எழுந்துவிட்டாள். இன்னொருவர் இல்லை. மின்விசிறி கடகடக்கிறது. முத்துமணியின் சிநேகிதர்கள் மிக்சர் பொட்டலத்துக்குள் குனிந்திருக்கிறார்கள். அவள் சேலை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். “என்ன அண்ணாச்சி, மிக்சருக்குள்ள புதையலா கெடக்கு?” என்கிறாள் பேச்சித்தாய். பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிடுகிறது. எழுபவர் அடுத்த வீட்டுச் சங்கரநயினார். பொதுச்சுவருக்காக முத்துமணிமேல் வழக்குப் போட்டவர். சேலை நுனி அவள் விரலில் இறுகுகிறது. “அவன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது,” என்கிறார் தலைவரிடம். “ஆனா அந்தத் தறிச் சத்தம் நின்னதுலேருந்து எனக்கு உறக்கமே வரமாட்டேங்கு. எம்பேரை எழுதும் வே.”