குத்துவிளக்குக்கு மேலே போன குழாய்

மாடி பாத்ரூம் ஈசான மூலையில் இருக்கக்கூடாது என்று வாஸ்துக்காரர் சொன்னதால், சபாபதி அதை இடித்துவிட்டு எதிர் மூலையில் கட்டினார். செப்டிக் டேங்கை யாரும் நகர்த்தவில்லை. அதனால் புதுக் கழிவுக் குழாய் வீட்டின் குறுக்கே, பூஜை அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் புகுந்து போனது.

"அண்ணே, மேல என்ன சத்தம்?" என்று குத்துவிளக்கு கேட்டது.

"கேக்காதம்மா," என்றது குழாய். "எனக்குச் சரிவே கொடுக்கல. தண்ணி அப்படியே நிக்குது. ஜாயின்ட் எப்ப விடும்னு தெரியல."

மறுநாள் காலையே விட்டது. ஒரு சொட்டு நேராகத் திரியில் விழுந்தது. ஏற்ற ஏற்ற விளக்கு அணைந்தது.

"என்னால எரியவே முடியல. என்னைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவாங்கண்ணே!"

"பயப்படாத. பிளம்பர் வந்து சரிவா மாட்டினா முடிஞ்சுது."

சபாபதி வாஸ்துக்காரரைக் கூப்பிட்டார். அவர் மேலே பார்க்கவே இல்லை, கையிலிருந்த திசைகாட்டியைத்தான் பார்த்தார். "பூஜை அறைதான் தப்பான இடத்துல இருக்கு," என்றார்.

ஒரே வாரத்தில் பூஜை அறை இடம் மாறியது.

"தப்பிச்சேண்ணே, வரேன்!" என்று சொல்லிவிட்டு விளக்கு கிளம்பியது.

புது அறையில் அதை ஏற்றினார்கள். நேர் மேலே, புது பாத்ரூமில், யாரோ ஃப்ளஷ் பண்ணினார்கள்.